மேடையில் மாற்றிக் கூப்பிட்ட பெயர்

மத்தேத்தே, கின்ஷாசா
புதன்கிழமை

என் மகன் ம்புயிக்கு அம்மாவின் முத்தங்கள். இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த லுபும்பாஷிக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்லத் தங்கை முஜிங்கா எழுதுகிறாள், பிழை இருந்தால் அவள் காதைத் திருகு. நம் தேவாலயப் பாடகர் குழுவிலிருக்கும் கோதலீவ் நாளைக் காலை விமானத்தில் அங்கே வருகிறாள், அவளிடம் இந்தக் கடிதமும் கொஞ்சம் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன், கருவாட்டை இரவே ஊறப்போட்டு உப்பை எடுத்துவிட்டுச் சமை, போன தடவை மாதிரி அப்படியே போட்டுவிட்டு என்னைத் திட்டாதே. அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, ரேடியோவோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது, இப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்கிறார்.

என் பிறந்தநாளுக்கு நீ டிக்கெட் வாங்கித் தந்த கச்சேரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். என்ன சொல்ல. டிக்கெட்டில் முன்வரிசை நாற்காலி என்று போட்டிருந்தது, போய்ப் பார்த்தால் அங்கே அரங்க முதலாளியின் மாமியார் வீடு மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் நின்றவனிடம் கேட்டேன், "அம்மா, நாற்காலிக்குக் கால் இருக்கு, நடந்து போயிடுச்சு" என்று சிரிக்கிறான். கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் பீர்ப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எங்களை உட்காரவைத்தான். மாலையில் தொடங்கவேண்டியது, பாடகர் வரும்போது குழந்தைகளெல்லாம் தூங்கிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் பாதி நேரம் இரைச்சல், குடிக்கக் கொடுத்தது வெந்நீர் மாதிரி, கழிவறைச் சாவியை வைத்திருந்தவன் வீட்டுக்குப் போய்விட்டான். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். காசு வாங்கிக்கொண்டு பாட்டுக்கு நடுவில் பெயரைக் கூப்பிடுவதை நம் ஆட்கள் 'கல் வீசுவது' என்கிறார்களே, உன் பெயரைக் கூப்பிடச் சொல்லி அதற்கும் பணம் கட்டியிருந்தேன் அல்லவா, பாடகர் உன் பெயரை விட்டுவிட்டு வேறு பெயரைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு ஒரேயடியாக வெறுத்துப்போய்விட்டது, இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் போய்ச் சத்தம் போட்டேன். வரும் சனிக்கிழமை அதே மேடையில், போன வாரம் சொன்னது தவறு, அந்த வீட்டார் கூப்பிடச் சொன்னது ம்புயியை மட்டும்தான் என்று திருத்திச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவும் அதைத்தான் விரும்புகிறார்.

அண்ணா, இதற்குமேல் எழுதுவது நான் மட்டும். அம்மா கடைசியில் சொன்னதை எழுத அடியில் கொஞ்சம் இடம் விட்டு இந்தத் தாளைச் சேர்க்கிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், மின்சாரமும் இல்லை, மேசைக்கு அடியில் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு தரையில் படுத்து எழுதுகிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமும்போதெல்லாம் ஊதி அணைத்துவிடுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். ஃபோன் அப்பாவிடமே இருக்கிறது, பேசினால் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துத்தான் பேசுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வேறு பெயர் கபங்கா. நம் வழக்கப்படி இரட்டையில் முதலில் பிறப்பவன் ம்புயி, அடுத்தவன் கபங்கா என்பது ஊருக்கே தெரியுமே. யார் வீடு என்று அரங்கத்தார் கேட்டபோது அம்மா பெருமையாக "இரட்டைப்பிள்ளைக்காரம்மா வீடுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார், அது மேடைக்குப் போவதற்குள் முதல் பிள்ளை போய் இரண்டாவது பிள்ளை வந்துவிட்டான். மறுநாள் அம்மா சத்தம் போட்டபோது மேலாளர், "இரட்டையில ஒருத்தன் பேரைச் சொன்னா ரெண்டு பேரையும் சொன்ன மாதிரிதானேம்மா, இதுக்குப் போய் யாராவது சண்டைக்கு வருவாங்களா" என்றார். அவருக்கு நம் வீட்டுக் கதை தெரியாது. பெரியப்பாவை அடக்கம் செய்த அன்று கபங்கா அண்ணன் வராததும், இசைக்குழுவுக்கு ஒலிபெருக்கி ஏற்றிப்போன லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று அவன் சொன்னதை அப்பா நம்பாமல் துரத்தியதும், அந்தப் பெயரைச் சொல்பவர்களும் அதே கதவு வழியாகப் போகலாம் என்று சொன்னதும் உனக்குத் தெரியும்.

அம்மா எழுந்திருக்கவே இல்லை என்று எழுதச் சொன்னார் அல்லவா, அப்பா பக்கத்தில் இருந்ததால் அப்படிச் சொன்னார். பாடகர் "கபங்கா, இரட்டைப்பிள்ளைக்காரம்மா மகனே" என்று இழுத்துக் கூப்பிட்டதும் அம்மா பீர்ப்பெட்டியிலிருந்து எழுந்து, தூணைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், தோள்துணியை எடுத்துத் தலைக்குமேல் சுழற்றி ஆடினார். பின்னாலிருந்து ஒருத்தி "உட்காரும்மா, மறைக்குது" என்று கத்தியதற்கு, "நீ என் பிள்ளையைப் பெத்தியா, பேசாம இரு" என்றார். பாட்டு முடிந்த பிறகுதான் முகம் மாறியது. எங்களுக்கு முன்பே செய்தி அப்பாவிடம் வந்துவிட்டது. "திருத்திச் சொல்லச் சொல்லு, இந்த வீடு அவனைக் கூப்பிடல" என்றார். அதனால்தான் அம்மா போய்ச் சண்டை போட்டார்.

இன்று பள்ளி விட்டதும் வாசலில் கபங்கா அண்ணன் நின்றிருந்தான். இளைத்துப் போயிருக்கிறான், ஆனால் அதே சிரிப்பு. யாரோ அந்தப் பாட்டை அவன் ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதை என் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தான். "ஏய் குட்டி, ஊரே கேக்க அம்மா என்னைக் கூப்பிட்டிருக்காங்க பாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வரேன். அப்பா அடிச்சாலும் பரவாயில்ல, வாங்கிக்கிறேன்" என்றான். அது பாடகர் செய்த தவறு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. அவனைப் பார்த்ததை அப்பாவிடம் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் சனிக்கிழமைதான். அந்தத் திருத்தத்தை மேடையில் சொன்னால் அதையும் யாராவது அவனுக்கு அனுப்புவார்கள். பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, என்றைக்குமே வரமாட்டான்.

அண்ணா, விட்டுப்போனது உன் பெயர். குறை சொல்ல உரிமை உள்ளவன் நீ ஒருவன்தான், நீ குறையில்லை என்று சொல்லிவிட்டால் அவர்கள் எதைத் திருத்துவார்கள்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவை ஃபோனில் கூப்பிட்டு, எனக்கு இது போதும், அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொல். என்னைப் பற்றி எதுவும் சொல்லாதே. அப்பா கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். நேற்றுச் சாப்பிடும்போது, அம்மாவைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பாட்டுல சொன்னான்?" என்று கேட்டார். அம்மா சொன்னார். "அது நல்ல பாட்டுதான்" என்றார்.

மெழுகுவர்த்தி தீரப்போகிறது, நிறுத்துகிறேன். அம்மா சொன்ன முடிவு இது, அவர் சொன்னது சொன்னபடியே: வேளாவேளைக்குச் சாப்பிடு, சம்பளம் வந்ததும் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடாதே, கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள். கர்த்தர் என் மகன்கள் இருவரையும் போகும் வழியிலும் வரும் வழியிலும் காக்கட்டும். "இருவரையும்" என்று எழுதவா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சொன்னதை எழுது" என்றார். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

உன் அம்மா,
எழுதியது தங்கை முஜிங்கா