மேடையேழு

என் வாயாடி மகளுக்கு, உன் அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பாவும் நானும் சுகம், என் தொண்டையை மட்டும் அதில் சேர்க்காதே. எப்போது போன் அடித்தாலும் அப்பாவே எடுக்கிறார் என்று முறைத்துக்கொண்டு, அம்மாவுக்கு என் மேல கோபமா என்று அவரிடமே கேட்டாயாம். அவளுக்கு யார் மேலதான் கோபம் இல்லை என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார், சொன்னதை என்னிடமே வந்து பெருமையாக ஒப்பிக்கிறார். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். நாளைக்குக் காலையில் பஸ் நிலையத்தில் மைக்குக்கு முன்னால் எனக்குச் சோதனை. அதுவரை வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அதுதான் தொண்டைக்கு இன்னும் கெடுதல் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பொண்ணு கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வீட்டில் நடக்கிற கூத்தைக் கேள். அடுப்பில் பால் பொங்கி வருகிறது, என் கை முழுக்க மாவு, அடுப்பை அணையுங்கள் என்று விரலைத் திருகித் திருகிக் காட்டுகிறேன். சாவி வெட்டியே காலம் தள்ளிய மனுஷன் இல்லையா, நேராகப் போய் வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறார். பால் அத்தனையும் அடுப்பு மேல். அதற்குக்கூட வாய்விட்டுத் திட்ட முடியவில்லை பார், பால் போன வருத்தத்தைவிட அந்த வருத்தம்தான் எனக்குப் பெரிது. கல்யாணம் ஆன நாளிலிருந்து வீடு இவ்வளவு அமைதியா இருந்ததில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் அவருக்கும் உள்ளூரப் பயம்தான். காலையிலிருந்து கடைக்குப் போகாமல் ஒரே பூட்டுக்கு எண்ணெய் போட்டுப் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். அம்மா போதும், வேலையை விட்டுட்டு எங்ககூட வந்து இரு, உன் குரல்தான் மிஷின்ல பத்திரமா இருக்கே, இந்த வயசுல எதுக்கு மல்லுக்கட்டறே என்று செய்தி அனுப்பியிருந்தாய். நல்ல மனசோடுதான் எழுதினாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அந்த மிஷின்தான்டி என் வயிற்றெரிச்சலே. ரிவர்ஸில் வந்த பஸ் ஒன்று அறிவிப்பு அறைச் சுவரில் மோதி, மேசை விளிம்பு என் கழுத்தில் இடித்து, குரல் நாண் ஒன்று அசையாமல் போயிற்றே, அதற்கு முன்னால் என்னை உட்கார வைத்துப் பதிவு செய்த குரல் அது. நான் ஆஸ்பத்திரியில் எச்சில் விழுங்க முடியாமல் படுத்திருந்தபோது புதிதாக வந்த மேலாளர் அதைத் தூக்கி மிஷினில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து என் வேலையை என் குரலே பார்க்கிறது, நான் தொலைந்த சாமான் அறையில் உட்கார்ந்து குடைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். உன் அப்பா ஒரு சக்களத்தியைக் கூட்டி வந்திருந்தால்கூடத் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன், இங்கே சக்களத்தியும் நானே, யாரிடம் போய்ச் சண்டை போடுவது. நான் அந்த நிலையத்தில் தரை துடைக்கச் சேர்ந்தவள். துடைத்துக்கொண்டே எந்தப் பஸ் எங்கே எப்போது போகிறது என்று மனப்பாடம் செய்து, வழி கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, விசாரணை ஜன்னல் வரைக்கும் போனேன். உன்னை வயிற்றில் சுமந்த நேரத்தில் அந்த நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்ப வந்து துடைப்பத்தைப் பிடித்து, அங்கிருந்து மறுபடி ஏறித்தான் மைக்குக்கு வந்தேன். இதை விட்டுவிட்டு வா என்றால் எப்படி வருவது. உன் வீட்டில் எனக்கு ஓர் அறை உண்டு, தெரியும். அந்த அறையில் நான் யார், அதைச் சொல்.

போன சோதனையைப் பற்றி அப்பா உன்னிடம் பூசி மெழுகித்தான் சொல்லியிருப்பார். நான் உள்ளபடி சொல்கிறேன். அன்பான பயணிகளே என்று தொடங்கினேன், முதல் எழுத்திலேயே குரல் டப்பென்று அடைத்துக்கொண்டது. கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். மைக்கை அணைக்கக்கூடத் தோன்றாமல் அங்கேயே அழுதேன், அந்த அழுகையும் நிலையம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு பயிற்சிப் பொண்ணுதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். அ, ஏ, ஒ என்று உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்குக் குரல் நாண் இரண்டும் இறுக மூடித் திறக்க வேண்டுமாம், எனக்கு ஒன்றுதான் படுத்துவிட்டதே. ம, ந, ப என்று முன்னால் ஒரு மெய் நின்றால் காற்று முதலில் கிளம்பி, குரல் அதன் பின்னாலேயே வழுக்கி வந்துவிடுகிறது. அன்பான என்பதை வெட்டிவிட்டு வெறும் பயணிகளே என்று தொடங்கலாம், சரி. நம் எண்களை என்ன செய்வது? ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாம் உயிர். மூன்றும் நான்கும் பத்தும்தான் எனக்கு மிச்சம். மூன்றே மேடையை வைத்துக்கொண்டு நான் என்ன ஆட்டோ ஸ்டாண்டா நடத்த முடியும். இனி அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்ட சமயத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டே ஏழாம் நடைமேடை என்பதைத் திருப்பிப் போட்டு மேடை ஏழு என்று அவசரமாகச் சொல்லிப் பார்த்தேன். மேடையேழு என்று ஒட்டிக்கொண்டு வந்தது, நடுவில் ஒரு ய வந்து தாங்கிக்கொண்டது, குரல் உடையவே இல்லை. மேடையாறு. மேடையெட்டு. குழாயைக்கூட மூடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். உடம்படுமெய், உடம்படுமெய் என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் என் காதைத் திருகினாரே, அதே ய-தான். அப்போது என் மார்க்கைக் கெடுத்தது, இப்போது கை கொடுக்கிறது. பயிற்சிப் பொண்ணு கேட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினாள், அப்புறம் அதையே வைத்து என்னைச் சக்கையாகப் பிழிந்துவிட்டாள். ஆனாலும் பல வருஷப் பழக்கம், பதற்றத்தில் நாக்கு பழைய தடத்துக்குத்தான் ஓடும். இந்தத் தடவையும் தவறினால் இனி கேட்டு வராதீங்க என்று மேலாளர் சொல்லிவிட்டார். இத்துடன் மடித்து வைக்கிறேன், மீதியைப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

நேற்று மடித்ததை இப்போது பிரித்து எழுதுகிறேன். காலையில் மேலாளர் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மிஷின் அது பாட்டுக்கு ஓடட்டும், நடுவில சொல்ல வேண்டியதை நீங்க சொல்லுங்க, பார்க்கலாம் என்றார். முதலில் தாமதம், தொலைந்த பை என்று சின்னச் சின்ன அறிவிப்பு, ஒன்றும் பிசகவில்லை. கூட்டம் ஏறுகிற நேரத்தில் ஐந்தாம் மேடையில் ஒரு பஸ் பழுதாகி வாயிலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அங்கே வர வேண்டிய தூரத்துப் பஸ்ஸை ஏழுக்குத் திருப்பினார்கள். மிஷினுக்கு இதெல்லாம் தெரியுமா? ஐந்தாம் நடைமேடையிலிருந்து புறப்பட உள்ளது என்று என் பழைய குரலில் தேன் மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெட்டியும் குழந்தையுமாக ஜனம் ஐந்துக்கு ஓடுகிறது, ஏழில் பஸ் காலியாக உறுமிக்கொண்டு நிற்கிறது. மிஷின் பார்க்கிற குமாஸ்தா எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது நிற்கிற வழியாக இல்லை. மேலாளர் மெக்கானிக்குக்கு போன் அடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் போட்டேன். பயந்த மாதிரியே நாக்கு பழைய தடத்துக்குப் போயிற்று. ஏழாம் என்று தொடங்கினேன், தொண்டை பூட்டிக்கொண்டது. வெறும் காற்று.

நிலையமே தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அந்த இடைவெளியில் மிஷின் மறுபடியும் ஐந்து என்றது, என் குரலில், எவ்வளவு அழகாக, எவ்வளவு பொய்யாக. வந்ததடி ஓர் ஆத்திரம். மூச்சை இழுத்துவிட்டு, பயணிகளே, மேடையேழு என்றேன். குரல் வந்தது. தகரத்தில் மணலைத் தேய்த்த மாதிரிதான், ஆனால் முழுசாக வந்தது. யாரும் திரும்பவில்லை. இனிமையான குரல் ஐந்து என்கிறது, கரகர குரல் ஏழு என்கிறது, நீயாக இருந்தால் எதை நம்புவாய்? யாரோ மைக்கில் விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் கத்தவில்லை, கத்தினால் போச்சு. பயணிகளே, நீங்க கேட்ட குரல் தப்பா சொல்லுது, பஸ் மேடையேழில நிக்குது, பதறாம மேடையேழுக்கு வாங்க என்று நிதானமாகச் சொன்னேன், நிறுத்தினேன், மறுபடி சொன்னேன். என் குரலைத் தப்பு என்று நானே ஊரறியச் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் ஒரு சுமைதூக்கி நின்று கேட்டுவிட்டுத் தலைச்சுமையோடு திரும்பினார். அவர் பின்னால் ஒரு குடும்பம். பிறகு மொத்தக் கூட்டமும் அப்படியே ஏழுக்கு நகர்ந்தது. மேலாளர் போனை வைத்துவிட்டு, அந்த மிஷின் வயரைப் பிடுங்குங்க, அம்மா பேசட்டும் என்று குமாஸ்தாவிடம் சொன்னார்.

இனிக் காலை வேளை மைக் என்னுடையது, பிற்பகலுக்கு மட்டும் மிஷின். அரை நாள்தான், அதுவும் சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார், தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வராதீர்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியும் உன் அப்பா ஒலிபெருக்கிக் கம்பத்துக்குக் கீழே தொப்பி போட்டுக்கொண்டு ஒளிந்து நின்றிருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார், வந்ததும், இனிமே நீ திட்டினா முன்னைவிடப் பயமா இருக்கும் போலிருக்கே என்றார்.

அதனால் அங்கே வந்து தங்க மாட்டேன், வருத்தப்படாதே. லீவு போட்டுவிட்டு வருவேன், பேத்தியை ஆசை தீரக் கொஞ்சிவிட்டுத் திரும்பிவிடுவேன். நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டே வேலை செய்யாதே, இடுப்பு வலியை அலட்சியம் செய்யாதே, மாப்பிள்ளையையும் கொஞ்சம் தூக்கச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், என் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாயைத் திறக்காதே என்று பயிற்சிப் பொண்ணு சொன்னது இந்தச் சோதனைக்காக மட்டும்தான். அதற்கு முன்னால் இத்தனை மாதமும் நான் போனை எடுக்காதது, என் குரலைக் கேட்டால் நீ அழுவாய், நீ அழுதால் நான் விட்டுவிடுவேன் என்ற பயத்தில்தான். அடிபட்டபோது நீ பிரசவத்தில் இருந்தாய், வந்து பார்க்கவில்லை, இந்தக் குரல் உனக்குத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் அடி. நானே எடுப்பேன். யாரோ ஆம்பளை பேசுகிறார், தவறான நம்பர் போலிருக்கிறது என்று வைத்துவிடாதே, கண்ணு. உன் அம்மாதான்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா