லோகு கையில் அறுத்த காப்பு

மேல் டிவிஷன், தலவாக்கலை
10.03.1998

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகள் கஜனியும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம், உன் தம்பி லோகுவும் வீட்டில்தான் இருக்கிறான். அதைப் படித்து மூச்சு விட்டுக்கொண்டு மற்றதைப் படி. கஜனி ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், நான் படித்து நின்ற வகுப்பு. கடிதத்தில் பிழை திருத்துகிறேன் அம்மாயி என்று பென்சிலோடு வந்தாள், என்ன கெட்டிக்காரி பார். விரட்டிவிட்டேன், இதில் அவள் படிக்கக்கூடாத விஷயம் இருக்கிறது.

லோகுவின் படப் பைத்தியம் உனக்குத் தெரியும். ஹட்டனில் புதுப்படம் வந்தால் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது முகத்தைக் காட்டிவிட்டு மலை வேலைக்குப் போகாமல் பஸ் ஏறுகிறவன். திரும்பி வந்தால் நம்ம லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறைக்குள், கதாநாயகன், வில்லன், அழுகிற தாய் எல்லாம் அவனே. போன மாசம் அப்படிப் போய்விட்டு வரும்போது வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். கண்டியில் குண்டு வெடித்ததிலிருந்து தமிழ்ப் பையன் என்றாலே சோதனைதான். இவனிடம் அடையாள அட்டை இல்லை, பிறப்புப் பதிவு தேடி இரண்டு வருஷமாகக் கிராம சேவகரிடம் அலைகிறோம். பேரை எழுதிக்கொண்டு, மூன்று ஞாயிறு பொலிஸுக்கு வந்து கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு ஞாயிறு போனான். இரண்டாவது ஞாயிறு மாலையே காமன் கூத்துக்குக் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான், இந்த வருஷமும் ரதி வேஷம் அவனுக்குத்தான். காமனை எரிக்கும்வரை காப்புக் கட்டினவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாதே, அடுத்த ஞாயிறு என்னடா செய்வாய் என்று கேட்டால், பொலிசுகாரன் எங்கம்மா ஓடிறப் போறான், பெறகு ரெண்டு கையெழுத்தா போட்டுக்கலாம் என்று சிரிக்கிறான். கூத்துக்குத் தலைவர் செல்லசாமி மாமாவும், சாமி காரியத்துல கைய வைக்காத தங்கச்சி என்றுவிட்டார். கீழ் லயத்து ஆண்டியப்பன் மகன் ஒரு வாரம் கையெழுத்துக்குப் போகவில்லை என்று ஜீப்பில் ஏற்றினார்கள், எட்டு மாசமாகிறது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பெற்றவளுக்கு இன்னும் தெரியாது. எனக்கு எப்படிச் சோறு இறங்கும் சொல். ஞாயிறு விடிய அவன் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது கையைப் பிடித்துக் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் காப்பை அறுத்துவிட்டேன். இப்ப போடா என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

ஒரு கையெழுத்துக்குப் போனவன் மாலை ஆறு மணிக்குத்தான் வந்தான். அதுவரை ரோட்டோரம் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். என்ன கேட்டார்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறான். கூப்பிட்டால் வருகிறான், சாப்பிடுகிறான், படுக்கிறான். ஒரு வசனம் இல்லை, ஒரு பாட்டு இல்லை. முத்துலிங்கம் கடைச் சுவரில் புதுப்படத்து விளம்பரம் ஒட்டியிருக்கிறது, அதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லசாமி மாமா பந்தலில் எல்லாரும் கேட்க, காமன் சும்மா விடுவானா, சாமி காப்புல கத்திய வைக்கலாமா நீ என்று ஏசினார். பிறகு அவரே, அறுத்தவள் காப்புக் கட்டி விரதம் இருந்தால் குறை அவளோடு போகும், லோகு ஆடலாம் என்றார். நேற்றுக் காலை கட்டிக்கொண்டேன். நான் எல்லை தாண்ட முடியாததால் இராசரத்தினம் மாஸ்டர்தான் இதைத் தபாலில் போடுவார்.

நேற்று மாலை ஒத்திகை. புருஷன் எரிந்துபோனதைச் சொல்லி ரதி ஒப்பாரி வைக்கிற இடத்தில் லோகு மண்ணில் விழுந்து அழுதான். ராசம்மாக்கா, ஒங்க மகன் சினிமாவுக்கே போகலாம் என்று பெண்கள் என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பாட்டு முடிந்தது, தப்பு மேளம் நின்றது, அவன் நிறுத்தவில்லை. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். செல்லசாமி மாமா போய்த் தூக்கினார், முதுகில் கை பட்டதும் அப்படியே சுருண்டுகொண்டான்.

இது உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமைப் பௌர்ணமி போயிருக்கும், காமனை எரித்திருப்பார்கள். கையெழுத்து மூன்றும் போட்ட பிறகும் அதற்குள் ஜீப் வருமா, அவன் முழுக்க ஆடி முடிப்பானா, எனக்கு இப்போது தெரியாது. நீ அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. பொலிஸ் பற்றி ஓர் எழுத்தும் வேண்டாம். நீ வேலை செய்கிற அந்த வீட்டு டீவியில் பார்த்த படம் ஒன்றின் கதையை எழுது, முடிவை மட்டும் அதில் விட்டுவிட்டு எனக்கு வேறு காகிதத்தில் எழுது. முடிவு என்னவென்று அவன் என்னிடம் வந்து கேட்கட்டும்.

வெளியே போனால் உன் பேர் எழுதிய காகிதம் இல்லாமல் போகாதே, மறந்துவிடாதே. குளிரோ வெயிலோ அம்மன் உன் பக்கத்தில் நிற்பாள், நல்லா இரு தங்கம்.

இரண்டு பிள்ளைகளுக்காகவும் பயந்துகொண்டிருக்கும்
அம்மா ராசம்மா