பூட்டனின் பட்டப்பெயர்

ஆகஸ்ட் 9, சனி

பள்ளி நாடகத்தில் எனக்குத் திருடன் வேடம். அப்பா விடமாட்டேன் என்கிறார். அவருடைய தாத்தாவை, அதாவது என் பூட்டனை, ஊரே ‘கள்ள ஞானமுத்து’ என்றதாம். ‘கள்ளன் பேரன்’ என்ற கேலியோடு வளர்ந்தவர் அப்பா. “நீயும் மேடையேறி அத ஊருக்கு ஞாபகப்படுத்தணுமாலே?” என்று நேற்று கத்தினார்.

இன்று சீவலப்பேரியில் நண்பன் இசக்கி வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கோயில் கொடைத் திருவிழாக்களில் நாடகம் நடிப்பவர். பேச்சுவாக்கில் பூட்டன் பெயரைச் சொன்னதும் துள்ளிவிட்டார்.

“ஏலே, அவரு கள்ளபார்ட்டுல்லா! நாடகத்துல திருடனா வாறவருக்கு அதான் பேரு. எங்க தாத்தா ராஜபார்ட்டு. ரெண்டு பேரும் ஒரே செட்டு.”

ஊர் ‘பார்ட்’டை விழுங்கிவிட்டது, பூட்டன் களவாணி ஆகிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வழக்கமான என் புளுகு என்றுதான் அப்பா நினைத்தார். இசக்கி அம்மாவிடம் போனில் பேசிய பிறகே நம்பினார். உடனே அத்தையை அழைத்தார். “யக்கா, நம்ம தாத்தா களவாங்கலயாம். நடிச்சாராம்!”

நாடகத்துக்குச் ‘சரி’ இன்னும் வரவில்லை. ஆனால் நேற்றுவரை இருந்த ‘கூடாது’வை வீட்டில் எங்கேயும் காணோம். சத்தியமாக நான் எடுக்கவில்லை.