கண்ணு திறந்த படம்

பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் நல்லாயிருக்கேன். எங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

நீ அனுப்புன மூணு படமும் வந்துச்சு. நான் இங்க வந்தப்புறம் பொறந்த புள்ளையாச்சே, முகத்தப் பாக்கலாம்னு ஆசையா பிரிச்சேன். ரெண்டு படத்துல ஃபிளாஷ் கூசி கண்ண இறுக்கி மூடியிருக்கா. மூணாவதுல ஆடிப்போய் புகையாட்டம் இருக்கா. கூடத் தங்கியிருக்கிற பெயிண்டர் எட்டிப் பாத்துட்டு, "இது உன் பொண்ணா, கொடியில பறக்குற துண்டா?"ன்னு கேட்டான். அவன் ஊர்ல ஒரு வெள்ளாட்ட ஃபிளாஷ் போட்டு படம் எடுத்தானாம், கண்ணு ரெண்டும் டார்ச் லைட்டாட்டம் எரிஞ்சுச்சாம். அது பெரிய கதை, நேர்ல சொல்றேன். "தூங்கறப்ப எடுக்கச் சொல்லுய்யா, ஆடாது"ன்னான். தூங்குனா கண்ணு மூடித்தானய்யா இருக்கும்னேன். இருந்தாலும் மூணையும் தலமாட்டுல ஒட்டி வச்சிருக்கேன்.

நீ ஃபிளாஷ அணைச்சிட்டு, பகல்ல அவள ஜன்னலப் பாத்து உக்கார வை. முழங்கைய விலாவோட ஒட்டிக்கிட்டு, மூச்சப் புடிச்சு மெதுவா அமுக்கு.

வேலைக்குக் கூட்டிப்போற வண்டி வந்து ஹாரன் அடிக்குது. எடுக்கறப்ப கேமராவக் காட்டி, "அப்பா பாரு"ன்னு அவகிட்ட சொல்லு. அவ என்னப் பாக்கட்டும்.