தலை மட்டுமா, முழு உடம்பா

14 மார்ச் 1983, திங்கள். சிடாம் கிரி எஸ்டேட்.

என் வீட்டுக்காரர் அமெரிக்காவுக்கு எழுதிக் கேட்டிருந்த படிவம் இன்று வந்தது. இறந்தவர்களை உறையவைத்து, மருந்து கண்டுபிடித்த காலத்தில் எழுப்புவார்களாம். புற்றுநோயில் அவருக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. நான்தான் படித்துச் சொன்னேன். தலை மட்டுமா, முழு உடம்பா என்று கேட்டிருந்தார்கள்.

"தலை போதும்லா, ரோசி. உடம்பத்தான் புத்து தின்னுருச்சே."

"கையில்லாம எந்திரிச்சு என்ன செய்வீங்க?"

"நீ இல்லாத ஊர்ல கை எதுக்கு?"

தலை என்று குறித்தேன்.

உயிர் போனதும் அவர்களுடைய ஆள் பக்கத்திலிருந்து உடனே ஐஸில் வைக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. இந்த எஸ்டேட்டுக்கு யார் வருவார்? அதை மட்டும் படிக்காமல் பேனாவைக் கொடுத்தேன். முழுப் பெயரையும் எழுதிவிட்டு, நாளைக்கே தபாலில் போடச் சொன்னார்.