தூங்கும்போது கிளம்பியது

அன்புள்ள அம்மாவுக்கு, நொயேலியாவின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? என் பிள்ளை நவேல் சரியாகச் சாப்பிடுகிறானா? புவனோஸ் ஐரிஸில் குளிர் தொடங்கிவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

செவ்வாயன்று மனோதத்துவ வாய்மொழித் தேர்வில் ஒரு வேடிக்கை நடந்தது. மணியடித்து மணியடித்தே நாய்க்குத் தீனி போட்டால், பிறகு மணிச் சத்தத்துக்கே அதற்கு எச்சில் ஊறும். இதை ஆக்கநிலையுறுத்தல் என்பார்கள்.

"நாய்க்கு எதைக் கேட்டு எச்சில் ஊறுச்சு?" என்று பேராசிரியை இவோன் கேட்டார்.

"பெட்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மணி புஸ்தகத்துல இருக்கு. பெட்டி உன் நனவிலி மனசுல இருக்கு. எந்தப் பெட்டிம்மா அது?" என்றார். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். தேறியும்விட்டேன்.

எந்தப் பெட்டி என்று உங்களுக்குத் தெரியும். நான் பெட்டியை எடுத்தாலே நவேல் அழுகிறான் என்றுதான் போன முறை அவன் மதியம் தூங்கும்போது கிளம்பி வந்தேன். இப்போது மதியத்தில் கண்ணை மூடவே மாட்டேன் என்கிறானாமே. தூங்கினால் அம்மா போய்விடுவாள் என்று அவனைப் பழக்கியது நான்தான், அம்மா. அந்த நாய்க்காவது தீனி கிடைத்தது.

கொதிநீரில் ஊறவைத்துக் குடிக்க மாத்தே இலை ஒரு பொட்டலம் அனுப்புங்கள். அதோடு அவன் சட்டை ஒன்றைத் துவைக்காமல் வையுங்கள். தூங்கச் சொல்லி அவனை அதட்ட வேண்டாம். ஜூலை விடுமுறைக்கு வருவேன். அங்கிருந்து நான் திரும்பும்போது அவன் விழித்திருக்கட்டும். அவன் எவ்வளவு அழுதாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டே கிளம்புவேன்.

தபால் நிலையத்தை மூடப்போகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
நொயேலியா