ஆறாம் எண் வீட்டில் இரண்டு பேர்

என் சரோ,

உன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தோம். உள்ளே அரிசி இருந்தது. சிரிக்காதே, ஆதியிலிருந்து சொல்கிறேன்.

போன ஆடியில் நீ போனாய். புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. வருஷம் திரும்பாத வீட்டில் பண்டிகை கூடாது என்று என் அக்கா மந்தைவெளியிலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனாள். நானும் தலையாட்டினேன். ஆனால் வருஷா வருஷம் நீ அதற்கு ஒரு பொட்டு வைத்துத் துண்டு போட்டு மூடுவாயே, அது இல்லாமல் அந்தப் பெட்டி மூலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. அதற்கு மட்டும் என்று சந்தனம், குங்குமம் வைத்தேன். அட்சதையும் போட்டேன். கொஞ்சமாக இல்லை, கை நிறைய.

அந்தப் பெட்டியிடம் எனக்கு இருந்த விரோதம் உனக்குத் தெரியும். என் டிராயிங் ஆபீசுக்கு அந்த மாதிரி நாலு வந்து இறங்கிய பிறகுதான் என்னை விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்று மட்டும் கேட்கக் கூடாது. அதற்கு அடுத்த வருஷமே, உன் ஆபீஸில் கழித்துக் கட்டிய ஒன்றை நீ வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டு வந்து இறங்கினாய். காலேஜ் பிள்ளைகளின் பிராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை நீ உள்ளே டைப் அடிக்க, நான் கூடத்தில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ன அடிக்கிறாய் என்று கேட்டேனா? கேட்கவில்லை.

இங்கே மறுபடியும் தண்ணீர்ப் பஞ்சம். குழாயில் காற்றுதான் வருகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை பத்தரைக்கு லாரி வந்து நிற்கிறது. போன கோடையில் நீ போட்ட லிஸ்ட் நினைவிருக்கிறதா? நம் காம்பவுண்டில் எட்டு வீடு, வீட்டுக்கு எத்தனை நபர், நபருக்கு மூன்று குடம். அச்சடித்து கேட்டில் ஒட்டினாய், எல்லோரும் கட்டுப்பட்டார்கள். இந்த வருஷம் யாரோ கையால் எழுதி ஒட்டினார்கள். ஒரே வாரத்தில் மூன்றாம் எண் வீட்டின் 3 நபர், 8 நபர் ஆகிவிட்டார்கள். பேனா எல்லார் பையிலும் இருக்கிறதே. அன்றைக்கு லாரிக்குப் பின்னால் நடந்த சண்டையில் குடம் எறிந்தார்கள்.

கீழ்வீட்டு கோமதி மாமி மாடியேறி வந்தாள். சரோஜா போட்ட மாதிரி ஒரு லிஸ்டை நீங்களே போட்டுவிடுங்கள், சண்டை ஓயும் என்றாள். நீ போன பிறகு ஒரு காரியத்துக்காக என்னைத் தேடி இந்த வீட்டுக்குள் வந்த முதல் ஆள் அவள்தான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சுவிட்சைப் போட்டேன். மூன்று தரம் கத்திற்று, திரை இருட்டாகவே இருந்தது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன், துடைத்தேன், தட்டினேன், நம் பழைய டிவிக்குச் செய்வதையெல்லாம் செய்தேன். மறுபடி மூன்று கத்தல். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ விட்டுப் போனதில் இது ஒன்றுதான் சத்தம் போடக்கூடியது, இதையும் கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

சைதாப்பேட்டையிலிருந்து வேலு என்கிற மெக்கானிக் வந்தார். திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தவர், உள்ளே குனிந்து பார்த்தார்.

“இன்னா சார், பொட்டிக்குள்ள அரிசி கீது? கண்ணாலம் பண்ணி வெச்சீங்களா இதுக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை. விசிறியில் சிக்கியிருந்த மஞ்சள் அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் வைத்தார். சீப்பு மாதிரி இருந்த ஒரு சின்ன அட்டையைப் பிடுங்கி, இதன் காலில் அழுக்கு ஏறியதால்தான் கத்துகிறது என்றார். பென்சில் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

என்னிடமா கேட்டார், சரோ? முப்பது வருஷம் கோடு போட்டவனிடம். பரணிலிருந்து டிராயிங் பெட்டியை இறக்கினேன். அதில் என் வெள்ளை ரப்பர், பாதி தேய்ந்தது, இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. அவர் தேய்ப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் நானே வாங்கித் தேய்த்தேன். ஒரே திசையில், அழுத்தாமல், தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தள்ளி. அட்டையின் காலெல்லாம் பொன்னாக மின்னிற்று. திரும்பச் செருகினோம். கத்தவில்லை. என் வேலையைப் பிடுங்கிய சாதியைச் சேர்ந்த பெட்டிக்கு என் ரப்பரால் உயிர் வந்தது. நீ இருந்திருந்தால் இதைத் தெருவெல்லாம் சொல்லியிருப்பாய்.

ஆனால் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நீ அடித்த ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை. பழையபடி டைப் அடிக்கும் தொழிலுக்கெல்லாம் இது இனிமேல் தாங்காது, பிளாப்பியைச் செருகிக் கிளப்பி ஏதாவது ஒரு சின்ன வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் வேலு. கிளப்புவதற்குத் தன் பிளாப்பி ஒன்றைத் தந்து, எந்தச் சாவியை எப்போது அழுத்துவது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தார். உன் பிளாப்பி டப்பாவைத் துழாவினேன். உன் கையெழுத்தில் ‘தண்ணி’ என்று ஒட்டிய பிளாப்பி இருந்தது. போட்டேன். எட்டு வரிகளும் வந்தன. ஆறாவது வரியில் நம் வீடு. நபர் 2.

மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. பிரிண்டரில் காகிதத்தைக் கோத்து அப்படியே அடித்தேன். அந்தக் கரகர சத்தம் கேட்டு மாமி படியேறி ஓடி வந்தாள். “ஒரு க்ஷணம் சரோஜான்னே நெனச்சுண்டேன்” என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் காகிதம் வெளியே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது திட்டு. மூன்று வாரம் உன் பங்குத் தண்ணீரையும் நான் பிடித்தேன். என் மூன்று குடம், உன் மூன்று குடம். உன் நீலக் குடத்தில் தனியாகப் பிடித்து வைப்பேன். குடிக்க மனம் வராது, கொட்டவும் மனம் வராது. கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? உன் புடவைகளைத் துவைத்தேன். பீரோவிலிருந்து ஒரு தடவைக்கு இரண்டாக எடுத்து, சோப்புப் போட்டு அலசி, மொட்டை மாடியில் காயப்போட்டு, மடித்து வைத்தேன். ஊரே ஒரு குடத்துக்கு அடித்துக்கொள்கிற கோடையில், கட்ட ஆளில்லாத புடவையைத் துவைத்தேன். கொடியில் தொங்கிய புடவைகளை எட்டு வீடும் பார்த்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

போன திங்கட்கிழமை எட்டாம் எண்ணுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. ஐந்து பேர், அதில் ஒன்று கைக்குழந்தை. முன்பு அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர், லிஸ்டிலும் அதுதான் இருந்தது. லாரி வந்ததும் அந்த மனிதர் கேட்டில் லிஸ்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆறாம் நம்பர்ல ரெண்டு பேருன்னு போட்டிருக்கே. நான் உங்களை மட்டுந்தானே சார் பாக்கறேன்?”

வரிசையில் நின்றவர்கள் தங்கள் குடங்களைப் பார்த்தார்கள். மூன்றாம் எண்காரர், 3-ஐ 8 ஆக்கிய அதே மனுஷர், தலையைக் குனிந்துகொண்டார். மாமிதான் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

“ரெண்டு பேர்தான். நீங்க உங்க கொடத்தை வைங்கோ.”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, சரோ. மூன்று வாரமாக அத்தனை பேரும் தத்தம் குடத்தை எண்ணிக்கொண்டே உன் மூன்று குடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நான் அன்றைக்கு என் பங்கைக்கூடப் பிடிக்காமல் மேலே வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. நீ போனதிலிருந்து நான் தனியாக இருக்கிறேன் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது லிஸ்ட் போட உட்கார்ந்தேன். எட்டாம் எண்ணை 5 ஆக்குவது சுலபமாக இருந்தது. ஆறாம் வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எங்கள் ஆபீஸில் டிரேசிங் தாளில் மையை அழிக்க வேண்டுமென்றால் பிளேடால் சுரண்டுவோம். எவ்வளவு பதமாகச் சுரண்டினாலும் வெளிச்சத்தில் பிடித்தால் தடம் தெரியும், அங்கே ஒரு கோடு இருந்தது என்று யாரும் சொல்வார்கள். இதில் ஒரு சாவியைத் தட்டினால் 2 போய்விடும். இருந்த சுவடே இருக்காது. எனக்கு அதுதான் ஆகவில்லை.

பழையது அழியாமல் புது லிஸ்ட் போட முடியுமா என்று வேலுவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இதற்குப் போய் வருத்தப்படுவார்களா என்கிற மாதிரி வழி சொன்னார். பாண்டி பஜாருக்கு நடந்து போய்ப் புது பிளாப்பி ஒன்று வாங்கி வந்தேன். லிஸ்டை அதில் ஏற்றி, அந்தப் புதியதில்தான் நம் வரியில் 1 போட்டேன். இன்று காலை கேட்டில் ஒட்டினேன். மாமி படித்தாள், என் குடத்தை அவளே வரிசையில் நகர்த்தி வைத்தாள். உன் நீலக் குடத்தை எட்டாம் எண் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கைக்குழந்தைத் துணி நிறைய இருக்கும்.

உன் பிளாப்பியின் மூலையில் ஒரு சின்னக் கட்டை இருக்கிறது, அதை நகர்த்திவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் மாற்றவோ அழிக்கவோ முடியாது என்று வேலு சொல்லியிருந்தார். நகத்தால் நகர்த்திவிட்டேன். அதில் ஆறாம் எண் வீட்டில் இன்னமும் இரண்டு பேர். மறுபடி இந்தப் பக்கம் தள்ளினால் திறந்துகொள்ளுமாம். தள்ள மாட்டேன், சரோ. இது சத்தியம்.

மழை வரும் வரைக்கும் லிஸ்ட் போடுவேன். உன் நாற்காலியில் உட்கார மாட்டேன், கூடத்திலிருந்து என் நாற்காலியைக் கொண்டு வந்து உன்னுடையதற்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பேப்பருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்த
உன் வீட்டுக்காரன்